ஜெனிற்றாவின் கட்டுரையை எழுதியது யார்?

இந்தத் தவணையிலிருந்து திரைப்படமும் சமூகவியலும் பாடத்தை உங்களில் இரண்டு பேர் பொறுப்பேற்கிறீர்கள். எந்தப் படத்தை எந்த வாரம் போடுவது, எந்தக் கோட்பாட்டுக்குப் பிறகு எதை வைப்பது என்றெல்லாம் என்னிடம் கேட்டீர்கள். அது பாடத்திட்டத்தில் இருக்கிறது. போகப் போக நீங்களே மாற்றிக்கொள்வீர்கள். நான் சொல்ல விரும்புவது பாடத்திட்டத்தில் எழுத முடியாத ஒரு மத்தியானத்தைப் பற்றி. நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடத்தில் நடந்தது. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சில் கை வைத்து ஒரு மூச்சு விடுவேன். அது நிம்மதி மூச்சு.

அதற்கு முதல் ஒரு சின்ன விஷயம். விண்வெளிப் படங்களை வகுப்பில் போட்டால் முதல் நாளே யாராவது ஒருவர் சிரிப்பார். தயாராக இருங்கள். ஒருமுறை வங்கியில் வேலை செய்துகொண்டு படிக்க வந்த ஒருவர் கையைத் தூக்கி, “மிஸ், இது சின்னப் பிள்ளையள் பாக்கிற படமெல்லோ? இதில என்ன சமூகவியல்?” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. “இந்தக் கப்பலை ஆர் கூட்டித் துடைக்கினம்?” என்று கேட்டேன். அவர் யோசித்தார். அந்தப் பென்னம்பெரிய விண்கப்பலில் தளபதி இருக்கிறார், வைத்தியர் இருக்கிறார், விஞ்ஞானி இருக்கிறார். விளக்குமாறு பிடிக்கிற ஆளை மட்டும் படம் முழுக்கத் தேடினாலும் காணவில்லை. நாளைய உலகத்தைக் கற்பனை செய்தவர்களுக்கு இன்றைய உலகத்தில் யார் கண்ணில் படவில்லை என்பது அங்கே தெரிகிறது. அந்த மனிதர் பிறகு அந்த வருடம் முழுவதும் எந்தப் படம் போட்டாலும் துப்புரவுத் தொழிலாளியைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு நல்ல கேள்வி போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இனி அந்த மத்தியானம்.

நீங்களும் போடப்போகிற படம்தான் அது. இன்னும் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கோ ஒரு நிலவில், பனிக்கட்டிக்கு அடியில், ஒரு சிறிய குடியிருப்பு. ஒருநாள் பூமியிலிருந்து செய்தி வருகிறது: உங்களுக்குள் ஒருவர் பிறந்தவர் இல்லை, செய்யப்பட்டவர். யார் என்று செய்தியில் இல்லை. அங்கே பேக்கரி நடத்தும் ஒரு பெண் மேல் சந்தேகம் விழுகிறது. காரணம், அவள் கோபப்பட்டதை ஒருவரும் கண்டதில்லை. அன்றிலிருந்து அவள் சிரித்தால் இயந்திரம் சிரிக்கிறது என்பார்கள். அழுதால், அழப் பழகிவிட்டது என்பார்கள். முத்திரை குத்தல் பற்றிய கோட்பாட்டை நான் இந்தப் படத்தை வைத்துத்தான் கற்பித்து வந்தேன். குற்றம் செயலில் மட்டும் இல்லை, பார்க்கிறவர்கள் ஒட்டுகிற பெயரிலும் இருக்கிறது. பெயர் ஒட்டிய பிறகு அந்த ஆள் செய்வதெல்லாம் அந்தப் பெயருக்குச் சாட்சியாகிவிடும். பாடம் அவ்வளவுதான்.

அந்த வருட வகுப்பில் ஜெனிற்றா என்றொரு பிள்ளை. வீடு கொழும்பில், கொட்டாஞ்சேனை. தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்து காலமானவர். அவள் பகலில் கோட்டையில் கப்பல் சரக்கு அனுப்பும் ஒரு கந்தோரில் வேலை பார்த்தாள். பின்னேரம் பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வகுப்புக்கு வருவாள். பின் வரிசையில் இருப்பாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் வாய் திறக்க மாட்டாள். அந்தப் பேக்கரிக்காரி பற்றி அவள் இறுதி ஒப்படைக் கட்டுரையை எழுதித் தந்தாள்.

முதலில் திருத்தியவர் கோகுலன். உங்களைப் போல இளம் விரிவுரையாளர், வந்து கொஞ்சக் காலம்தான். நல்ல பிள்ளை, நேர்மையானவர். அதுதான் பிரச்சினையும். அதற்கு முந்திய தவணையில் ஒரு மாணவன் கணினியிடம் எழுதுவித்துக் கொடுத்த கட்டுரைக்கு இவர் அதிகூடிய புள்ளி போட்டு, பிறகு அந்த மாணவனே கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்தது இவருடைய காதுக்கு வந்துவிட்டது. அந்த அவமானம் ஆறவில்லை. ஜெனிற்றாவின் கட்டுரையை வாசித்ததும் அவருக்கு உடம்பெல்லாம் சந்தேகம். கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றில் போட்டுப் பார்த்தார். பெரும்பாலும் இயந்திரம் எழுதியது என்று சிவப்பில் வந்தது. அந்த மென்பொருளுக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சிவப்பு சிவப்புத்தானே. அவர் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார்.

விசாரணைக்கு மூன்று பேர். பிரிவுத் தலைவர், கோகுலன், நான். கடற்கரைப் பக்கம் இருக்கிற மேல்மாடி அறை. முடிவை அன்று பின்னேரத்துக்குள் பரீட்சைப் பகுதிக்கு அனுப்ப வேண்டும். மோசடி என்று முடிவானால் அவளுக்குப் பட்டம் இல்லை. எந்தக் காலத்திலும் இல்லை. அவளுடைய பதிவுக் கோவையில் அந்தச் சொல் ஏறிவிட்டால் பிறகு வேறெங்கும் விண்ணப்பிக்கவும் முடியாது. அவளுக்குப் பாடசாலை ஆசிரியையாக வர விருப்பம் என்று எனக்குத் தெரியும்.

ஒன்றை உங்களுக்கு வெளிப்படையாகச் சொல்கிறேன். அவள்தான் எழுதினாள் என்று நான் நம்பியிருந்தேன் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். உண்மை அப்படியில்லை. எனக்குத் தெரியவில்லை. கட்டுரை மிக நன்றாக இருந்தது. அவள் பேசுகிற மாதிரி அதில் ஒரு வரியும் இல்லை.

ஜெனிற்றா உள்ளே வந்து கதிரை நுனியில் இருந்தாள். கந்தோருக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கோகுலன் ஒரு வசனத்தை எடுத்து வாசித்தார்.

“‘மனிதரை மனிதரல்லாதவர் ஆக்குவதற்கு ஆயுதம் தேவையில்லை, ஓர் ஐயமும் ஒரு கூட்டமும் போதும்.’ இதை நீங்கள்தான் எழுதினீங்களோ?”

“ஓம் சேர். நான்தான் எழுதினேன்.”

“வகுப்பில நீங்கள் இப்பிடிக் கதைச்சு நான் கேட்டதில்லையே.”

“கதைக்கிற மாதிரியா சேர் எழுதுறது? நான் சர்ச்ல வாசகம் வாசிக்கிறேன். சின்னதுலேருந்து. எழுதப் போனா அப்பிடித்தான் வருது.”

பிரிவுத் தலைவர் நல்ல மனிதர், ஆனால் எதையும் முறையாகச் செய்து முடிக்க வேண்டும் என்ற அவசரம் உள்ளவர். கட்டுரையின் இரண்டாம் பகுதியை விளக்கச் சொன்னார். அவள் விளக்கினாள். எழுதியிருந்த சொற்களே கிட்டத்தட்ட அப்படியே வந்தன.

“பாருங்கோ சேர், பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறா” என்றார் கோகுலன்.

அடுத்த கேள்விக்கு அவள் தடுமாறினாள். இரண்டு முறை தொடங்கி நிறுத்தினாள்.

“தானே எழுதினதெண்டால் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கு?” என்றார் கோகுலன்.

அவருடைய குரலில் குரூரம் இல்லை. உண்மையாகவே கேட்டார். ஜெனிற்றா அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“மிஸ், நான் சரியாச் சொன்னா பாடமாக்கினதுங்கிறாங்க. சரியாச் சொல்லாட்டி நான் எழுதல்லங்கிறாங்க. அப்ப நான் என்ன சொல்லணும்?”

கோபமாகச் சொல்லவில்லை. சில்லறை சரியாக இருக்கிறதா என்று கடையில் கேட்பதுபோலக் கேட்டாள். நான் வருடக்கணக்காக வெண்பலகையில் எழுதிக் கற்பித்த விஷயம் என் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது, நான் மேசையின் மற்றப் பக்கம் இருந்தேன்.

சற்று நேரம் தேவை என்று சொல்லிப் பிரிவுத் தலைவரை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கீழே தண்டவாளத்துக்கு அப்பால் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

“சேர், இப்பிடிக் கேட்டால் ஒண்டும் தெரிய வராது. எங்களுக்குப் பதில் தெரிஞ்ச கேள்வியைத்தான் கேக்கிறம். அதுக்கு எந்தப் பதில் வந்தாலும் நாங்கள் ஏற்கெனவே நினைச்சதைத்தான் உறுதிப்படுத்தப் போறம்.”

“அப்ப என்ன செய்யிறது மிஸ்? இண்டைக்கு அனுப்ப வேணும்.”

“படத்தைப் போடுவம். கட்டுரையில வராத ஒரு காட்சி. சத்தம் இல்லாமல். அவ என்ன காண்கிறா எண்டு கேப்பம்.”

“அவவுக்கு ஒண்டும் சொல்ல வராட்டில்?”

“எண்டாலும் போடுவம் சேர்” என்றேன். அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தால் அவளுடைய கதையை முடித்து வைத்தது நானாக இருப்பேன். நான் அதை யோசித்துத்தான் சொன்னேன். நெருக்கடியில் முடிவெடுக்கிறது என்றால் துணிச்சல் என்று நினைப்பீர்கள். எனக்கு அன்று இருந்தது பயம் மட்டும்தான். ஆனால் இருந்த வழியில் போனால் நிச்சயம் பிழையாகும், இதில் போனால் பிழையாகலாம் அல்லது சரியாகலாம். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே வந்து ஜெனிற்றாவிடம் சொன்னேன். செய்ய விருப்பமா என்றும் கேட்டேன். அவள் தலையசைத்தாள். கோகுலன் தானே எழும்பிப் புரொஜெக்டரைப் போட்டு, திரைச்சீலையை இழுத்து விட்டார்.

நான் தெரிவு செய்தது பாண் வாங்கும் காட்சி. சந்தேகம் வந்த பிறகும் அந்தக் குடியிருப்பில் எல்லாரும் அவளிடம்தான் பாண் வாங்க வேண்டும், வேறு பேக்கரி இல்லை. வரிசையில் நிற்கிறார்கள். முந்தி அவள் கையிலிருந்து வாங்கியவர்கள் இப்போது வாங்குவதில்லை. அவள் பாணை மேசையில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் போகிறாள், அவர்கள் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்ப்பதில்லை. தீட்டு, விலக்கு, களங்கம் என்றால் என்ன என்று சொல்ல இதைவிட நல்ல காட்சி இல்லை என்று நான் எப்போதும் சொல்லி வந்தேன்.

காட்சி முடிந்தது. ஜெனிற்றா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிரிவுத் தலைவர் தொண்டையைச் செருமினார். நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“திரும்பப் போடலாமா சேர்?” என்று கோகுலனிடம் கேட்டாள்.

அவர் போட்டார். பாதியில் கோட்டைக்குப் போகிற ரயில் போனது, கண்ணாடிகள் அதிர்ந்தன. சத்தம் அடங்கும் வரை அவள் பொறுத்திருந்தாள்.

“மிஸ் வகுப்புல இத விலக்கி வைக்கிறதுன்னு சொன்னீங்க. நான் அப்பிடி நினைக்கல்ல.”

“சொல்லுங்கோ” என்றேன்.

“ஆக்கள் கை நீட்டுறதுக்கு முன்னாலேயே அவ பாண வச்சிட்டுப் பின்னுக்குப் போறா. பாருங்க, அந்த முதல் ஆள் கையத் தூக்கப் போறார். வாங்குறதா விடுறதான்னு அவருக்கே தெரியல்ல. அவ அந்த நேரத்த அவருக்குக் குடுக்கல்ல. அவரு வெக்கப்படாம இருக்கத்தான் அவ முந்திக்கிறா. விலக்கி வைக்கிறது அவங்க இல்ல மிஸ். அவங்கள அதுலேருந்து காப்பாத்துறது அவ.”

அவள் தொடர்ந்தாள்.

“கொரோனா நேரம் எங்க ஃபிளாட்ஸ்ல எங்க வீட்டத்தான் முதல்ல பூட்டினாங்க. அம்மாவுக்கு வந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆக்கள் சாப்பாடு கொண்டுவந்து வாசல்ல வைப்பாங்க. அவங்க படி இறங்கிப் போகுமட்டும் அம்மா கதவத் திறக்க விடமாட்டாங்க. ‘நம்மளக் கண்டா அதுகளுக்கு ஓடவும் ஏலாது நிக்கவும் ஏலாது, பாவம்’னு சொல்வாங்க. நோய் எங்களுக்கு. ஆனா சங்கடம் அவங்களுக்குன்னு அம்மா பாத்தாங்க.”

கோகுலன் கதிரையில் முன்னால் சாய்ந்தார்.

“அதுவும் முத்திரையை ஏற்றுக்கொள்ளுறதுதானே? தன்னில பிழையிருக்கு எண்டு ஒத்துக்கொண்டுதானே பின்னுக்குப் போறா?”

“ஒத்துக்கிறது வேற சேர். அவ பாண மோசமாப் போடல்லையே. ஒளிச்சுக்கவும் இல்ல.”

“ஆனால் அதால அந்தச் சனம் தாங்கள் செய்யிறதை உணராமலே போகுதே. ஒருத்தர் கையை நீட்டி, வாங்காமல் விட்டிருந்தால் தன்ர முகத்தைத் தானே பாத்திருப்பார். அவ அதைத் தடுத்திட்டா. அப்ப அநியாயம் இன்னும் சுகமா நடக்கும்.”

“ஓம். அது சரிதான் சேர். ஆனா அத அவதான் செய்யணுமா? அவங்களத் திருத்துற வேலையும் அவட தலையிலயா?”

“பின்ன ஆர் செய்யிறது?”

“வரிசையில நிக்கிற ஆக்கள். ரெண்டாவதா நிக்கிற பொம்பள எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறா.”

கோகுலன் எழும்பித் திரைக்குப் பக்கத்தில் போய்விட்டார். இரண்டாவது பெண்ணைக் காட்டி ஏதோ சொன்னார், இவள் மறுத்தாள். இருவருக்கும் நாங்கள் அறையில் இருப்பது மறந்துபோயிற்று. பிரிவுத் தலைவர் என்னைப் பார்த்தார்.

ஆனால் பிரிவுத் தலைவர் தன் வேலையை விடவில்லை. விடாதது நல்லதாகப் போயிற்று.

“பிள்ளை, படம் உங்களுக்கு நல்லாத் தெரியுது. சந்தோஷம். ஆனால் படம் தெரியிறது வேற, கட்டுரையை எழுதினது வேற. இப்ப நீங்கள் சொன்னதுக்கும் நீங்கள் எழுதினதுக்கும் ஒத்து வருதோ?”

ஜெனிற்றாவின் முகம் மாறியது. கட்டுரையின் பிரதி மேசையில் கிடந்தது, அவள் அதைத் தொடவில்லை. நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி, தனக்குள் எதையோ தேடிப் போனாள்.

“இல்ல சேர்” என்றாள் மெதுவாக. “ஒத்து வராது. ஊர் கூடி அவளை வெளியே வைத்ததுன்னு எழுதினேன். அந்தப் பந்தி முழுக்க அவ ஒண்ணுமே செய்யாத மாதிரித்தான் போகுது. முடிவுரையும் அதுல ஏறித்தான் நிக்குது.” பிறகு வாய்க்குள், “அனே, அப்ப முடிவுரையும் பிழை” என்றாள்.

கதிரை நுனியில் இருந்தவள் நன்றாகச் சாய்ந்து இருந்தாள், களைத்துப் போனவள் மாதிரி. மோசடி வழக்கில் நிற்கிற ஒருத்தி தன் கட்டுரையின் முடிவுரைக்காகக் கவலைப்பட்டாள்.

“சேர், இந்தப் பந்திய மாத்தி எழுதித் தர விடுவீங்களா?” என்று கேட்டாள்.

கோகுலன் திரைக்குப் பக்கத்தில் நின்றபடியே பிரிவுத் தலைவரிடம் சொன்னார்.

“சேர், நான் முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறன்.”

“காரணம் எழுத வேணும், தம்பி.”

“எழுதிறன். வேற ஆரோ எழுதினதெண்டால் அது உடையிற இடம் இவவுக்கு இப்பிடி நோகாது.”

ஜெனிற்றாவைப் பார்த்து, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றார். அவள் “பரவாயில்ல சேர்” என்றாள். சொல்லி முடிக்கும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. விசாரணை நேரம் முழுக்க வராத அழுகை. நான் என் கைலேஞ்சியைக் கொடுத்தேன். பிரிவுத் தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள் கீழே இறங்கிய பிறகு நாங்கள் மூன்று பேரும் தேத்தண்ணி குடித்தோம். கோகுலன் கோப்பையைக் கீழே வைத்தார்.

“மிஸ், அவ கதைச்சிருக்காட்டில் நான் அவவை முடிச்சிருப்பன், என்ன?” என்றார்.

“நாங்கள் மூண்டு பேரும் சேர்ந்துதான் முடிச்சிருப்பம்” என்றேன்.

இதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். ஒரு பிள்ளை தானே எழுதியிருந்தும், அப்படி ஒரு அறையில், அப்படி மூன்று பேருக்கு முன்னால், வாயடைத்துப் போய் இருக்கலாம். ஜெனிற்றாவுக்கு அன்று வார்த்தை வந்தது. இன்னொரு பிள்ளைக்கு வராது. ஆகவே நான் செய்ததை ஒரு பரீட்சையாக ஆக்கி, இனிமேல் எல்லாரையும் இப்படி நிறுத்திப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அது இன்னொரு பொறி. நான் சொல்வது இவ்வளவுதான். உங்களுக்கே பதில் தெரியாத கேள்வியைக் கேளுங்கள். பதில் வந்தால் உங்கள் நினைப்பு மாறக்கூடும் என்றால்தான் அது கேள்வி. பாண் வாங்கும் காட்சியை நான் அத்தனை வருடம் ஒரே விதமாகச் சொல்லி வந்தேன். அடுத்த வகுப்பில் அதை இரண்டு விதமாகவும் சொன்னேன். இரண்டாவது விதத்தைச் சொன்னது யார் என்று கேட்டவர்களுக்குப் பெயரையும் சொன்னேன்.

படத்தைப் பற்றியும் ஒன்று. எதிர்காலத்தைக் காட்டுகிற படத்தைப் பிள்ளைகளுக்கு முன்னால் போடும்போது, அவர்கள் பார்ப்பது அந்த நிலவையோ பனியையோ மட்டும் இல்லை. கொட்டாஞ்சேனையில் பூட்டிய ஒரு கதவுக்கு உள்ளே இருந்தவளும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், படி இறங்கிப் போனவர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோட்பாட்டை நாங்கள் கொண்டு வருகிறோம். எதில் வைத்துப் பார்ப்பது என்பதை அவர்கள் கொண்டு வருகிறார்கள்.

நான் குடையை எடுத்துக்கொண்டு கீழே வந்தபோது, வாசலில் காவலாளியின் கதிரையில் ஒரு அம்மா இருந்தார். ஜெனிற்றா பக்கத்தில் நின்றாள். அந்த அம்மா கொட்டாஞ்சேனையிலிருந்து மகளோடு வந்து, மேலே வரமாட்டேன் என்று சொல்லி, அவ்வளவு நேரமும் அங்கேயே இருந்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

“மிஸ், இவ அழுதுகிட்டே ஒண்ணுமில்லங்கிறா. நீங்க சொல்லுங்க.”

“ஒரு பிரச்சினையும் இல்லை, அம்மா. அவதான் எழுதினா எண்டு எல்லாரும் ஏற்றுக்கொண்டாச்சு.”

அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

“அதக் கண்டுபிடிக்க மூணு பேரா மிஸ்? என்னக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே. எழுதுறதெல்லாம் எனக்குத்தானே வாசிச்சுக் காட்டினா. மீன் வெட்ட விடல்ல, தூங்க விடல்ல. இது சரியாம்மா, அது சரியாம்மான்னு. சரின்னு சொன்னாலும் போய் அழிச்சிட்டு வருவா.”

கோகுலன் பின்னால் படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கி வந்து அந்த அம்மாவிடம் தன்னை யார் என்று சொன்னார். முறைப்பாடு கொடுத்தது தான்தான் என்றும் சொன்னார். அவர் கோகுலனை மேலும் கீழும் பார்த்தார்.

“சின்னப் புள்ளையா இருக்கீங்களே” என்றார். “சாப்பிட்டீங்களா?”

மழை விட்டிருந்தது. நாங்கள் நான்கு பேரும் ஒன்றாகக் காலி வீதிக்கு நடந்தோம். பஸ் தரிப்பிடத்தில் கோகுலன் மறுபடியும் அந்த இரண்டாவது பெண்ணைப் பற்றித் தொடங்கினார், ஜெனிற்றா விடவில்லை. அம்மாவும் மகளும் ஏற வேண்டிய புறக்கோட்டை பஸ் வந்து நின்றது, நடத்துனர் சிங்களத்தில் கூவிக் கூப்பிட்டுப் பார்த்தார், இவர்கள் இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டு, தரிப்பிடத்து வாங்கில் வசதியாக இருந்துகொண்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.